வாசகர் கேள்வி – பதில்: சால்மன் வாழும் ஓடைகளில் பூச்சிக்கொல்லியைத் தேடுவது ஏன்?

பசிபிக் சால்மன் மீன்களின் வலசையைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அம்மீன்கள் வாழும் ஓடைகளில் பருவம் முழுவதும் நீரெடுத்து, அதில் பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறதா என்று சோதித்து வருகிறார்கள் என ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியே இம்முறை கடிதங்கள் மிகுதியாக வந்திருப்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

சால்மன் கடலில் பிடிக்கப்படும் மீன் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்காக ஓடையில் ஏன் சோதனை செய்ய வேண்டும்? இதை யார், எப்போதிலிருந்து செய்கிறார்கள்?
– ஓர் ஆசிரியை, திருச்சி

சால்மன் கடலில் வளர்ந்து பெரிதாகிறது என்பது உண்மைதான். ஆனால் அது பிறப்பது ஓடையில். கூழாங்கற்களுக்கு இடையே இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கடலுக்குப் போவதற்கு முன் நன்னீரில் சில காலம் தங்கி வளர்கிறது. சினூக் வகையில் சில குஞ்சுகள் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். கோஹோ குஞ்சுகளோ ஓராண்டுக்கு மேல் ஓடையிலேயே இருக்கும். ஸ்டீல்ஹெட் வகைக்கு ஈராண்டுகூட ஆகும். ஆப்பிள் தோட்டங்களிலும் உருளைக்கிழங்கு வயல்களிலும் வீட்டுப் புல்வெளிகளிலும் மருந்தடிக்கும் பருவம் மார்ச் முதல் செப்டம்பர் வரை நீடிக்கிறது. விரலளவுக் குஞ்சுகள் ஓடையில் இரை தேடித் திரிவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு சட்டப் போராட்டம் இருக்கிறது. 1991-இல் ஸ்நேக் ஆற்றின் சாக்கை சால்மனும், 1999-இல் புயூஜெட் சவுண்ட் பகுதியின் சினூக் சால்மனும் அமெரிக்காவின் அழிநிலை உயிரினங்கள் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1973-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பாதிக்கக்கூடிய எந்த முடிவையும் எடுக்கும் முன்பு, நடுவண் அரசின் துறைகள் அந்த உயிரினத்துக்குப் பொறுப்பான அமைப்புடன் கலந்தாலோசிக்க வேண்டும். சால்மனுக்குப் பொறுப்பு தேசியக் கடல் மீன்வளச் சேவை. பூச்சிக்கொல்லிகளுக்குப் பதிவு வழங்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவ்வாறு கலந்தாலோசிக்கவே இல்லை என்று 2001-இல் வாஷிங்டன் டாக்சிக்ஸ் கோவலிஷன் என்ற அமைப்பும் மீனவர் அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. நீதிபதி ஜான் கோஹனவர் 2002-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லிகளைப் பற்றிக் கலந்தாலோசனை நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். அது முடியும்வரை சால்மன் நீர்நிலைகளை ஒட்டி, தரையிலிருந்து தெளிப்பதானால் 20 கஜமும் விமானத்திலிருந்து தெளிப்பதானால் 100 கஜமும் இடைவெளி விட வேண்டும் என்று 2004 ஜனவரியில் மேலும் ஓர் உத்தரவு பிறப்பித்தார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது எல்லாத் தரப்பினர் முன்பும் எளிய கேள்வி ஒன்று நின்றது: ஓடைகளில் உண்மையிலேயே என்ன இருக்கிறது? மருந்து எவ்வளவு விற்கிறது என்ற கணக்கு இருந்தது. கணினி மாதிரிகள் போட்ட மதிப்பீடுகளும் இருந்தன. மருந்தடிக்கும் பருவம் முழுவதும், ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்காக எடுத்த அளவீடுகள் மட்டும் மிகக் குறைவு. அந்தக் குறையைப் போக்க மாநில வேளாண்மைத் துறையும் சூழலியல் துறையும் சேர்ந்து 2003-இல் கண்காணிப்பைத் தொடங்கின. சியாட்டில் நகருக்குள் ஓடும் தார்ன்டன் ஓடையும், யக்கிமா பள்ளத்தாக்கின் பாசன வடிகால்களான மேரியன் வடிகால், சல்ஃபர் ஓடை, ஸ்பிரிங் ஓடை ஆகியவையும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. பின்னர் ஸ்கேஜிட் சமவெளியும், வெனாச்சி, என்டியாட் ஆறுகளின் பழத்தோட்டப் பகுதியும் சேர்க்கப்பட்டன.

வாஷிங்டன் மாநிலத்தின் பூர்வகுடி மக்களுக்கு இந்த மீன்கள் வெறும் உணவு அல்ல. ஒப்பந்தம் மூலம் உறுதிசெய்யப்பட்ட உரிமை. பிடிக்கத்தக்க மீன்களில் பாதி அவர்களுக்குரியது என்று 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். மீனே இல்லாத ஆற்றில் பாதிப் பங்கு கிடைத்து யாருக்கு என்ன பயன்? ஓடை நீரின் தரம் அங்கே அரசியல் கேள்வியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

நீர் மாதிரியை எப்படி எடுக்கிறார்கள்? வாரத்துக்கு ஒரு பாட்டில் நீர் போதுமா?
– வேதியியல் மாணவர், கோவை

எடுக்கும் முறை பார்வைக்கு எளியது; செய்யும்போதுதான் அதிலுள்ள கவனம் தெரியும். மாதிரி எடுப்பவர் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, தன் காலால் கலங்கிய சேறு பாட்டிலுக்குள் போகாதபடி, கரையோரத் தேங்கலை விட்டு நீர் நன்றாகக் கலந்தோடும் இடத்தில் கண்ணாடிக் குடுவையை அமிழ்த்துகிறார். கைக்கு எட்டாத இடத்தில் நீண்ட கோலின் முனையில் குடுவையைப் பொருத்தி நீட்டுகிறார். பிளாஸ்டிக்கின் மேல் சில பூச்சிக்கொல்லிகள் ஒட்டிக்கொண்டு, அளவு குறைந்து காட்டும் என்பதால்தான் கண்ணாடி. குடுவை உடனே பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகிறது. நீரின் வெப்பநிலை, அமில காரத் தன்மை, கரைந்துள்ள ஆக்சிஜன், மின்கடத்துத்திறன், ஓட்டத்தின் வேகம் ஆகியவை அங்கேயே அளக்கப்படுகின்றன. பிறகு மாதிரிகள் மான்செஸ்டர் என்ற ஊரிலுள்ள அரசு ஆய்வகத்துக்குச் செல்கின்றன. அங்கே கலவையைப் பிரிக்கும் நிறப்பிரிகைக் கருவியும் (குரோமட்டோகிராஃப்), பிரிந்தவற்றை நிறையால் இனங்காணும் நிறைமாலைமானியும் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைத் தேடுகிறார்கள்.

நீங்கள் வேதியியல் மாணவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். எடுக்கும் குடுவைகளில் ஒரு பங்கு ஓடைநீரே அல்ல. தூய நீரை ஆய்வகத்திலிருந்து ஓடைக்கரைவரை கொண்டுபோய், அங்கே குடுவை மாற்றித் திரும்பக் கொண்டுவந்து சோதிக்கிறார்கள். அதில் ஏதேனும் தென்பட்டால் அழுக்கு நம் கையிலிருந்தோ கருவியிலிருந்தோ வந்தது என்று பொருள். ஒரே இடத்தில் இரட்டை மாதிரி எடுத்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். அளவு தெரிந்த மருந்தை ஓடைநீரில் கலந்து, அதில் எவ்வளவைக் கருவி மீட்டுத் தருகிறது என்றும் சோதிக்கிறார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நூறில் ஒரு பங்கைத் தேடும் வேலையில் இந்தச் சரிபார்ப்பு இல்லாத எண்ணை நம்பவே கூடாது.

ஒரு பாட்டில் போதுமா என்றால், போதாது. பூச்சிக்கொல்லி ஓடைக்குள் சீராக ஒழுகுவதில்லை. மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் சில மணி நேரத்துக்கு அளவு எகிறும், பிறகு வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த மாதிரி வெள்ளி இரவின் மழையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே வாராந்தர மாதிரியில் கிடைக்கும் அதிகபட்ச அளவு, ஓடை கண்ட அதிகபட்ச அளவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாரக்கணக்கில் நீரிலேயே கிடந்து வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் சேகரிப்பான்கள் இருக்கின்றன. அவை சராசரியை நன்றாகக் காட்டும். எந்த மணி நேரத்தில் அளவு எகிறியது என்பதைக் காட்டமாட்டா. இவ்வளவு இருந்தும் வாராந்தர மாதிரியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஒரே ஓடையில் ஒரே முறையில் இருபது ஆண்டு எடுத்த மாதிரிகள், எந்த மருந்து எந்த மாதத்தில் தலைகாட்டுகிறது, எது குறைகிறது, எது புதிதாக நுழைகிறது என்பதை ஐயமறக் காட்டிவிடும்.

நாங்கள் குளோர்பைரிபாஸ் மருந்தை லிட்டருக்கு 2 மில்லி கலந்து அடிக்கிறோம். வாய்க்காலில் மீன் உயிரோடுதான் திரிகிறது. நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற அளவுக்கெல்லாம் மீனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?
– ஒரு காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்

ஐயா, நீங்கள் சொன்ன அளவையே எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 20 விழுக்காடு வீரியமுள்ள மருந்தில் 2 மில்லி என்றால், ஏறத்தாழ 400 மில்லிகிராம் குளோர்பைரிபாஸ். நன்னீர் உயிர்களுக்குக் குறுகிய நேரத்துக்கு இதற்கு மேல் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்துள்ள அளவு லிட்டருக்கு 0.083 மைக்ரோகிராம். உங்கள் தெளிப்பானில் உள்ள கலவையில் ஒரே ஒரு லிட்டர் ஓடையில் கொட்டிவிட்டால், அந்த அளவுக்குக் கீழே அது நீர்த்துப்போவதற்கு ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 400. தெளிப்பானைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள் என்று வேளாண் அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

மீன் உயிரோடு திரிகிறதே என்ற உங்கள் இரண்டாவது வாதத்தில்தான் இந்தத் துறையின் முக்கியமான ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது. குளோர்பைரிபாஸ், டயசினான், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பில் அசெட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கிக் கொல்கின்றன. அதே நொதி மீனின் நரம்பிலும் இருக்கிறது. கொல்லும் அளவுக்கு முடங்காவிட்டாலும், பாதி முடங்கிய நரம்போடு மீன் எப்படி வாழும் என்பதே கேள்வி.

நதானியல் ஷோல்ஸும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். சால்மன் குஞ்சு ஒன்றைப் பறவையோ பெரிய மீனோ கவ்வும்போது, கிழிந்த தோலிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அந்த வாடை எட்டியதும் அருகிலுள்ள குஞ்சுகள் இரை எடுப்பதை நிறுத்தி, அசையாமல் அடங்கிவிடுகின்றன. அசையாத குஞ்சு எதிரியின் கண்ணில் படுவதில்லை. ஆய்வாளர்கள் சினூக் குஞ்சுகளைச் சிறிது நேரம் டயசினான் கலந்த நீரில் விட்டெடுத்து, பிறகு தோல் சாற்றை நீரில் விட்டுப் பார்த்தார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் டயசினான் பட்ட குஞ்சுகளிடம் அந்த எச்சரிக்கை உணர்வு மங்கியிருந்தது. நீரில் வாடை இருந்தும் அவை அடங்கவில்லை. அவற்றின் நீச்சலில் மாற்றமில்லை, கண்ணால் பார்த்து இரையைப் பிடிப்பதிலும் குறைவில்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு அவை நலமான மீன்கள்தான். லிட்டருக்கு பத்து மைக்ரோகிராமில் இன்னொன்றும் தெரிந்தது: பெரிய மீன்கள் தாம் பிறந்த இடத்துக்குத் திரும்பி வரும் ஆற்றலும் குன்றியது. சால்மன் தன் பிறந்த ஓடையை மோப்பத்தால்தான் அடையாளம் காண்கிறது.

ஓடையில் ஒரு மருந்து மட்டும் இருப்பதும் அரிது. 2009-இல் கேத்தி லேட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கோஹோ குஞ்சுகளுக்கு ஐந்து மருந்துகளை இரண்டிரண்டாகக் கலந்து கொடுத்தபோது, சில இணைகளின் விளைவு கூட்டுத்தொகையையும் தாண்டியது. டயசினானும் மாலத்தியானும் சேர்ந்தபோது, தனித்தனியே தந்தால் கொல்லாத அளவுகளிலும் குஞ்சுகள் செத்தன. மருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருக்கிறது என்று நிம்மதி அடைவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு வழியிலும் மீன் அடிபடுகிறது. அது இரையின் வழி. சால்மன் குஞ்சின் உணவு, கற்களின் அடியில் வாழும் மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்றவற்றின் இளம்பருவப் புழுக்கள். பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லவே செய்யப்பட்டது. நீருக்குள் இருப்பது வேறு பூச்சி என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் இமிடாகுளோபிரிட் மீனை நேரடியாக எளிதில் கொல்வதில்லை. ஆனால் நீர்வாழ் பூச்சிகள் நெடுநாள் தாங்கும் அளவாக அமெரிக்க முகமை அதற்கு வைத்திருப்பது லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம். இரை குறைந்தால் குஞ்சு சிறுத்துப்போகும். சிறுத்த குஞ்சு கடலுக்குப் போய்த் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. அதன் பாதிப்பு மூன்று நான்கு ஆண்டு கழித்து, ஆற்றுக்குத் திரும்பாத மீன்களின் கணக்கில்தான் தெரியவரும்.

இவ்வளவு அளந்தும், எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், புதுச்சேரி

வானவில் ட்ரௌட் என்ற மீனைச் சால்மனுக்குப் பதிலியாகக் கொண்டு, நான்கு நாளில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு எது என்று ஆய்வகத்தில் கண்டறிகிறார்கள். அழிநிலையில் உள்ள மீன்களுக்கு அந்த அளவில் இருபதில் ஒரு பங்கை எட்டினாலே எச்சரிக்கை. நீர்ப்பூச்சிகளுக்கும் நீர்த்தாவரங்களுக்கும் தனி அளவுகள் உண்டு. மேலே சொன்ன மோப்ப இழப்பும் கலவை விளைவும் இந்த இருபதில் ஒரு பங்கு என்ற கணக்குக்குள் முழுமையாக வருவதில்லை என்பது என் கருத்து. வரம்புக்குக் கீழே என்று அறிக்கையில் வரும் சொற்றொடரை நான் எப்போதும் அந்தக் குறையோடு சேர்த்தே படிக்கிறேன்.

நாங்கள் ரெட்மண்டில் வசிக்கிறோம். எங்கள் வீட்டுக்கு அருகே ஓடும் பேர் ஓடைக்குச் சால்மன் வருவதைப் பார்க்கக் குழந்தைகளை அழைத்துப் போவோம். மருந்தெல்லாம் விவசாயிகள் அடிப்பதுதானே, நகரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகி, ரெட்மண்ட், வாஷிங்டன்

நெருங்கிய தொடர்பு இருக்கிறது, அம்மா. உங்கள் கிங் கவுண்டியில் பாயும் நகர ஓடைகளில் மழை பெய்யும்போது எடுத்த மாதிரிகளில், களைக்கொல்லிகளையும் சேர்த்து, 23 பூச்சிக்கொல்லிகள் இருந்ததை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. கடைகளில் வீட்டு உபயோகத்துக்கு மிகுதியாக விற்ற மருந்துகளே ஓடைகளில் அடிக்கடி தென்பட்டன. புல்வெளியில் மஞ்சள் பூப்பூக்கும் டேன்டலியன் களையை ஒழிக்க உரத்தோடு கலந்து விற்கிறார்களே, அந்தப் பையில் இருக்கும் 2,4-டி, மெக்கோப்ராப் ஆகியவை அவற்றில் அடங்கும். எறும்புக்கும் புல்வெளிப் பூச்சிக்கும் அன்று அடித்த டயசினானும் அங்கே இருந்தது.

வயலில் தெளித்த மருந்து மண்ணில் இறங்கித் தங்கிச் சிதைய ஓரளவு நேரமாவது கிடைக்கிறது. நகரத்தில் புல்வெளியிலிருந்து சிமெண்ட் நடைபாதைக்கும், அங்கிருந்து தெருவோரச் சாக்கடை மூடிக்கும், அங்கிருந்து குழாய் வழியே நேராக ஓடைக்கும் நீர் போய்விடுகிறது. அந்த மழைநீர்க் குழாய் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. 2004-ஆம் ஆண்டு உத்தரவில் நீதிபதி நகரக் கடைகளையும் சேர்த்ததற்கு இதுவே காரணம்: 2,4-டி, கார்பரில், டயசினான், மாலத்தியான் உள்ளிட்ட ஏழு மருந்துகள் கலந்த பொருள்களை விற்குமிடத்தில், இது சால்மனுக்குத் தீங்கு என்னும் எச்சரிக்கை அட்டை வைக்கப்பட வேண்டும் என்றார்.

இதில் மனத்துக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. வீட்டு உபயோகத்துக்கான டயசினான் விற்பனை அமெரிக்காவில் 2004 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் நகர ஓடைகளில் அதன் அளவு தெளிவாகக் குறைந்தது. நீங்கள் செய்யக்கூடியது பெரிய தியாகம் எதுவுமல்ல: உரமும் களைக்கொல்லியும் கலந்த பையை வாங்காதீர்கள், டேன்டலியனை மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள், மழை வரும் என்று முன்னறிவிப்பு இருக்கும் வாரத்தில் தோட்டத்துக்கு எந்த மருந்தும் அடிக்காதீர்கள்.

டி.டி.டி. அமெரிக்காவில் 1972-லேயே தடைசெய்யப்பட்டதாகப் படித்தேன். அது இன்னும் ஓடைகளில் கிடைக்கிறதாமே?
– ஓய்வுபெற்ற பொறியாளர், மதுரை

கிடைக்கிறது. வெனாச்சிப் பகுதியின் பிரெண்டர் ஓடை பழைய ஆப்பிள், பேரித் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. தடைக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் எடுத்த மாதிரிகளிலும் டி.டி.டி.யும் அதன் சிதைவுப் பொருள்களும் அங்கே தொடர்ந்து தென்பட்டன. டி.டி.டி. நீரில் கரைவதில்லை, மண்துகளைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது. மண் அரிக்கும்போதெல்லாம் அது ஓடைக்குள் இறங்குகிறது.

ஆகவே அதற்கான மருந்து, மண் அரிப்பைத் தடுப்பது. யக்கிமா பள்ளத்தாக்கு இதைச் செய்து காட்டியது. அங்கே பார் பிடித்து நீர் பாய்ச்சும் முறையில் வயல் மண் கலங்கி, கலங்கல் நீராக வடிகால் வழியே ஆற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. அங்குள்ள மீன்களில் டி.டி.டி. மிகுந்திருந்ததால், யக்கிமா ஆற்றின் கீழ்ப்பகுதியில் பிடித்த மீனை மிகுதியாக உண்ண வேண்டாம் என்று 1993-இல் மாநில நலவாழ்வுத் துறை எச்சரித்தது. பிறகு பாசன மாவட்டங்களும் உழவர்களும் சேர்ந்து தெளிப்புநீர், சொட்டுநீர் முறைகளுக்கு மாறினார்கள். வடிகால் முனைகளில் வண்டல் படியும் குட்டைகள் வெட்டினார்கள். கலங்கல் குறைந்ததும் டி.டி.டி.யும் குறைந்தது, எச்சரிக்கையும் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. நீங்கள் பொறியாளர் என்பதால் இதன் அருமை உங்களுக்குப் புரியும்: ஒரு நச்சுப்பொருளைப் பிரித்தெடுக்க எந்த ஆலையும் கட்டாமல், நீர் பாய்ச்சும் முறையை மாற்றியே அதை அடக்கியிருக்கிறார்கள்.

கண்காணிப்பில் இல்லாத ஒரு பொருள் மீனைக் கொன்றால் என்ன செய்வது? அப்படி நடந்ததுண்டா?
– ஆய்வு மாணவி, சென்னை

நடந்தது, அதுவும் கண்காணிப்பு நடந்த ஓடையிலேயே. மேற்கு சியாட்டிலின் லாங்ஃபெல்லோ ஓடையில் 1990-களிலிருந்து பெரும் பொருட்செலவில் வாழிடத்தைச் சீரமைத்தார்கள். கோஹோ மீன்கள் திரும்பி வந்தன. ஆனால் இலையுதிர்கால மழைக்குப் பிறகு, வயிறு நிறைய முட்டையோடு வந்த பெண் மீன்கள் நிலைதடுமாறி, வட்டமிட்டு, வாயைத் திறந்து திறந்து மூடியபடி, முட்டையிடாமலே சில மணி நேரத்தில் செத்தன. சில ஓடைகளில் திரும்பி வந்த கோஹோவில் பாதிக்கு மேல் இப்படி மாண்டன. பூச்சிக்கொல்லி, உலோகம், நோய், வெப்பம் எல்லாம் ஐயத்துக்கு உள்ளாயின, ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன.

விடை 2020 டிசம்பரில் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தைச் சேர்ந்த ஜென்யு தியான், எட்வர்ட் கொலோஜெய், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் முதலியோர் குற்றவாளி வாகன டயர்தான் என்று நிறுவினார்கள். டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கப்படும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. சாலையில் தேய்ந்த டயர்த்தூளோடு அது மழையில் ஓடைக்கு வருகிறது. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவான அளவே பாதி கோஹோக்களைக் கொல்லப் போதும். இந்தப் பொருள் அதுவரை எந்தக் கண்காணிப்புப் பட்டியலிலும் இருக்கவில்லை. அதற்கு முன் அதற்குப் பெயரே இருக்கவில்லை. சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்படுகை வழியே வடிய விட்டால் கோஹோ பிழைக்கிறது என்பதை மெக்கின்டயர் உள்ளிட்டோர் காரணம் தெரிவதற்கு முன்பே காட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பூச்சிக்கொல்லிக் கலவையிலேயே இப்படிப்பட்ட பழைய சான்று ஒன்றும் உண்டு. கனடாவின் கிழக்குக் கரைக் காடுகளில் மொட்டுப்புழுவை ஒழிக்க 1975 முதல் 1985 வரை அமினோகார்ப் என்ற மருந்தைத் தெளித்தார்கள். அந்த மருந்தில் கரைப்பானாகச் சேர்த்திருந்த நோனைல்பீனால், பெண் இயக்குநீர் போல் செயல்படும் தன்மையுடையது. தெளிப்பு நடந்த ஆண்டுகளுக்கும் அட்லாண்டிக் சால்மன் வரத்துக் குறைந்ததற்கும் தொடர்பு இருப்பதை 1999-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. லேபிளில் வீரியப் பொருள் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் தேடும் கண்காணிப்புக்கு அந்தக் கரைப்பான் அகப்பட்டிருக்காது.

டப்பாவில் வரும் சால்மனைச் சாப்பிடலாமா?
– வாசகர், சேலம்

சாப்பிடலாம். சால்மன் தன் எடையின் பெரும்பகுதியைக் கடலில்தான் பெறுகிறது. டப்பாவில் அடைபடுவது பெரும்பாலும் அலாஸ்காக் கடலில் பிடிக்கும் பிங்க், சாக்கை வகைகள். இந்த ஓடைச் சோதனைகள் உண்பவருக்காக நடப்பவை அல்ல, மீனுக்காக நடப்பவை.

இருபதாண்டுச் சோதனையால் கண்ட பலன் என்ன? கரையோரம் இடைவெளி விடச் சொன்னால் சிறு விவசாயி நிலத்தை இழக்க மாட்டாரா?
– வேளாண் பட்டதாரி, ஈரோடு

இரண்டும் நியாயமான கேள்விகள். நீதிபதி உத்தரவிட்ட கலந்தாலோசனையின் முடிவாகத் தேசியக் கடல் மீன்வளச் சேவை 2008 நவம்பரில் தந்த கருத்துரை, குளோர்பைரிபாஸ், டயசினான், மாலத்தியான் ஆகிய மூன்றும் அழிநிலைப் பட்டியலில் இருந்த 28 சால்மன், ஸ்டீல்ஹெட் கூட்டங்களில் 27-இன் நிலைத்திருப்புக்கு ஆபத்து என்றது. தரைத் தெளிப்புக்கு 500 அடியும் விமானத் தெளிப்புக்கு 1,000 அடியும் இடைவெளி பரிந்துரைத்தது. ஸ்கேஜிட் சமவெளியில் ஒவ்வொரு வயலின் ஓரத்திலும் ஒரு வடிகால் போகிறது. அங்கே 500 அடி விட்டால் பல வயல்களில் மருந்தடிக்க இடமே மிஞ்சாது. உழவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கருத்துரையை ரத்து செய்தது. 2022-இல் அதே மூன்று மருந்துகளுக்கும் புதிய கருத்துரை வந்தது. ஆபத்து என்ற முடிவு மாறவில்லை.

நீதிமன்றங்களில் இப்படி இழுபறியாக இருந்த காலத்தில் களத்தில் சில மாற்றங்கள் அமைதியாக நடந்தன. ஆப்பிள் தோட்டங்களில் காய்ப்புழுவுக்கு அடித்துவந்த அசின்பாஸ்-மெத்தில் படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, பெண் அந்துப்பூச்சியின் இனக்கவர்ச்சி வாடையை வெளியிடும் சிறு பிளாஸ்டிக் குச்சிகளை மரந்தோறும் கட்டி, ஆண் பூச்சியைத் திகைக்க வைக்கும் முறை வாஷிங்டன் தோட்டங்களில் பரவியது. எண்டோசல்ஃபானும் விலக்கப்பட்டது, காசர்கோட்டின் துயரத்தை அறிந்த நமக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். ஓர் ஓடையில் ஒரு மருந்து வரம்பை மீறினால், வேளாண்மைத் துறையினர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு அப்பகுதி உழவர்களிடம் போகிறார்கள். தெளிப்பானின் மூக்கை மாற்றுவது, காற்று வீசும்போது தெளிக்காமலிருப்பது, வடிகாலோரம் புல்லும் புதரும் வளர விடுவது என்று பேசுகிறார்கள். உழவரின் நிலத்தை முழுதாகப் பறிக்கும் அகலமான இடைவெளியைவிட, குறுகலானாலும் புல் அடர்ந்த ஓரமும் குறைந்த மருந்தும் சேர்ந்தால் நடைமுறையில் மீனுக்கு அதிகப் பலன் கிடைக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஓரத்துக்கான செலவை உழவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம்; மீன் பொதுச்சொத்து என்றால் செலவும் பொதுவில்தான் வர வேண்டும்.

இனி ஆக வேண்டியது மழைநேர மாதிரிகள். விலக்கப்பட்ட பழைய மருந்துகளின் இடத்தை இமிடாகுளோபிரிட், பைஃபென்த்ரின் போன்றவை பிடித்திருக்கின்றன. இவை மிகக் குறைந்த அளவிலேயே நீர்ப்பூச்சிகளைக் கொல்பவை, பைஃபென்த்ரினோ நீரில் நிற்காமல் வண்டலில் போய் ஒட்டிக்கொள்வது. வாரத்தில் ஒரு காலை நேரத்தில் எடுக்கும் குடுவையோடு நிற்காமல், மழை தொடங்கிய முதல் மணியில் தானாக மாதிரி எடுக்கும் கருவிகளுக்கும், அடிவண்டல் சோதனைக்கும், கற்களின் அடியிலுள்ள பூச்சிப் புழுக்களின் கணக்கெடுப்புக்கும் ஒதுக்கீடு கிடைக்க வேண்டும்.